நடுவருக்கு மாலை போட்ட சிராங்கூன் ரோடு

சீர் கொண்டுபோகிற அண்ணன்மார் எல்லா ஊரிலும் உண்டு. சீரோடு விசிலையும் கொண்டுபோனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டிரில் வாத்தியார் வேலை. சனி ஞாயிறுகளில் கால்பந்து நடுவர் வேலை. முதல் வேலைக்குச் சம்பளம் கிடைக்கும், இரண்டாவதற்கு வசவு கிடைக்கும். என் தங்கை கோமதி சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அந்த நிலையில் கப்பலேற்றி அழைத்துவர முடியாது, வளைகாப்பை அங்கேயே வைத்துக்கொள்வோம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அம்மா என்னிடம் ஒரு பெட்டி வளையலையும் ஒரு டின் முறுக்கையும் ஒப்படைத்து அனுப்பினாள். விசிலை யாரும் ஒப்படைக்கவில்லை. அது எப்போதும் என் சட்டைப்பையில் கிடக்கும்.

துறைமுகத்துச் சுங்க அதிகாரி ஒரு சீனர். பெட்டியைத் திறந்து வளையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் கைகளைப் பார்த்தார். ஒரு முறுக்கை எடுத்து முகர்ந்து, கடித்து, தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை மூடினார். எங்கள் ஊர் அதிகாரியாக இருந்தால் டின்னையே மூடியிருக்க மாட்டார்.

வெளியே மாப்பிள்ளை சுப்பையா நின்றிருந்தார். துறைமுகத்தில் கிராணி, நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. அம்மாவின் சுகத்தை விசாரிப்பார் என்று வாயைத் திறந்தேன்.

"வாங்க மச்சான்! இந்தச் சனிக்கிழமை தோக்காம இருந்தா நாம முதல் டிவிஷன் லா!" என்றார். அந்த 'லா' சிங்கப்பூர்ப் பேச்சின் வால், தனி அர்த்தம் கிடையாது.

அவர் சொன்ன 'நாம' என்பது சிராங்கூன் ரோட்டுத் தமிழர்களின் வளர்பிறைக் கால்பந்துக் கழகம். மாப்பிள்ளை அதற்குப் பொருளாளர். இரண்டாம் டிவிஷனில் வருஷக்கணக்காகக் கிடந்து தவித்த கழகம், இப்போது மேலே போகிற வாசலில் நின்றது. சனிக்கிழமை ஜாலான் புசார் மைதானத்தில் சிக்லாப் மலாய்க்காரர்களோடு கடைசி ஆட்டம். சமனாக முடிந்தாலே வளர்பிறை மேலே போய்விடும். சிக்லாப் போக வேண்டுமானால் ஜெயித்தே ஆகவேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், ஆட்டத்தை முதலில்.

டன்லப் தெருவில் பொற்கொல்லர் கடைக்கு மேல்மாடியில் அவர்கள் குடித்தனம். காலையில் கீழே தட்டுகிற சுத்தியல் சத்தத்தில் விழித்தேன். காப்பி வாங்கி வருகிறேன் என்று போன மாப்பிள்ளை, பழைய பால் டின்னில் கயிறு கட்டித் தொங்கவிட்டு அதில் காப்பி கொண்டுவந்தார். எண்ணெய் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்து அதை அடுப்படியில் வைத்துவிட்டேன். கோமதி சிரித்த சிரிப்பில் கடைக்காரர் சுத்தியலை நிறுத்தி மேலே பார்த்தார்.

அன்று மாலை மாப்பிள்ளை என்னை ஜாலான் புசாருக்கு வேறோர் ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார். தகரக் கொட்டகைக்குக் கீழே நான்கு மொழிகளில் வசவு பொழிந்தது. எந்த மொழியானாலும் வசவு எனக்குப் புரிந்தது, தொழில் அப்படி. பாதி ஆட்டத்தில் நடுவரின் விசிலுக்குள் இருந்த உருண்டை சிக்கிக்கொண்டு, காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. ஓடிப்போய் என் விசிலைக் கொடுத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். பெயர் அருளம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர். நாட்டின் கால்பந்து முழுவதையும் கட்டி ஆளும் தலைமைச் சங்கத்தில் உதவிச் செயலாளர்.

"விசிலைச் சட்டைப்பையில வைச்சுக்கொண்டு திரியிறீங்கள், நீங்கள் ஆர் ஐயா?" என்றார்.

நடுவர் என்று சொல்லி, சென்னைச் சங்கம் கொடுத்த அடையாளப் பட்டையைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடவுளாப் பாத்து அனுப்பினது! சனிக்கிழமை மேட்சுக்கு நாங்கள் ஆரைப் போட்டாலும் ரெண்டு பக்கமும் வேண்டாம் எண்டு சொல்லுது. ஒருத்தர் தமிழராம், ஒருத்தர் மலாய்க்காரராம், ஒருத்தருக்குக் கண் தெரியாதாம். நீங்கள் வெளியூர். ஊதுவீங்களோ?"

பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "இவர் என் தங்கை வீட்டுக்காரர்" என்று சொன்னேன். அருளம்பலம் அவருக்கு வணக்கம் வைத்தார். கழகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் ஊத ஒப்புக்கொண்டேன். கப்பலடியில் பார்த்ததிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்போதுதான் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம். யாராவது ஊருக்கு வந்தால் மாலை போடாவிட்டால் தூக்கம் வராது. புதன்கிழமை மாலை வளர்பிறைக் கழகத்தார் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எனக்கு வரவேற்பு வைத்தார்கள். மேடை, மைக், சாமந்தி மாலை, பொன்னாடை. பேசியவர்களெல்லாம் என்னை நடுநிலைமையின் சிகரம் என்றார்கள். பிறகு இலை போட்டார்கள். முழு மீன்தலை ஒன்று குழம்பில் மிதந்துகொண்டு வந்தது. அது என்னைப் பார்த்த பார்வை, ஆஃப்சைடு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் அதைச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்தது. மாலைக்குள் நான். கீழே, 'சனிக்கிழமை ஆட்டத்துக்கு நம் நடுவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பத்து மணிக்குள் அருளம்பலத்திடமிருந்து ஆள் வந்துவிட்டது.

தலைமைச் சங்கத்தின் அலுவலகத்தில் என்னை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். எங்கள் ஜில்லாச் சங்கத்தின் அலுவலகம் தலைவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பந்தும் அங்கேதான். தலைவருக்கும் அவர் வீட்டம்மாளுக்கும் சண்டை வந்த வாரங்களில் எங்கள் ஊரில் கால்பந்து கிடையாது. இங்கே மேஜை, விசிறி, தட்டச்சுப்பொறி, சுவர் நெடுகப் படங்கள்.

அந்தப் படங்களிலேயே சங்கத்தின் சரித்திரம் இருந்தது. முதல் படத்தில் பெரிய மீசை வைத்த வெள்ளைக்காரர்கள். வியாபாரிகளும் பட்டாளத்துக்காரர்களும் வெயில் தாழ்ந்த பிறகு தங்களுக்குள் ஆடிக்கொள்ளத் தொடங்கியதுதான் இந்தச் சங்கம். அடுத்த படங்களில் அதே மீசைகள், தொப்பி மட்டும் வேறு. பிறகு ஒரு படத்தின் மூலையில் ஒரு சீனர், அனுமதி வாங்கி நிற்கிறவர் போல நிற்கிறார். அடுத்ததில் மலாய்க்காரர்கள், தலைப்பாகையோடு ஒருவர். நடுவில் சுவரில் ஒரு வெற்றிடம்.

"அது ஜப்பான்காரன்ர காலம். அப்ப ஆர் படம் எடுத்தது?" என்றார் அருளம்பலம்.

வெற்றிடத்துக்கு அப்பால் முகங்கள் கறுக்கத் தொடங்கி, கடைசிப் படத்தில் வெள்ளைக்காரர் ஓர் ஓரத்துக்கு வந்திருந்தார். அது ஐம்பதுகளின் கடைசி. சிங்கப்பூர் தன் அரசைத் தானே நடத்தத் தொடங்கியிருந்த புதிது. ஊரில் நடந்தது அந்தச் சுவரிலும் நடந்திருந்தது.

"உங்களுக்கு இங்கே என்னதான் வேலை?" என்று கேட்டேன்.

"மழை பெஞ்சா மேட்ச் உண்டோ இல்லையோ எண்டு சொல்லுறது நாங்கள். பூட்ஸில ஆணி நீட்டிக்கொண்டு நிண்டா கழட்டச் சொல்லுறது நாங்கள். ஒருத்தன் ரெண்டு கழகத்துக்குக் கையெழுத்து வைச்சா பிடிக்கிறது நாங்கள். மலாயாவோட விளையாட ஆள் தெரிஞ்செடுக்கிறதும் நாங்கள்தான். மேட்ச் வெண்டால் ஆட்டக்காரர் நல்லவை. தோத்தால் சங்கம் சரியில்லை எண்டுவினம்." மூச்சு வாங்கிக்கொண்டு பத்திரிகையை என் முன்னால் விரித்தார். "அதோட இப்ப இது. இதென்ன ஐயா, மேட்சோ கலியாணமோ?"

உள்ளே மேஜையின் தலைப்பக்கத்தில் வயதான ஓர் ஆங்கிலேயர் உட்கார்ந்திருந்தார், அந்தக் கடைசிப் படத்தின் ஓரத்தில் நின்றவர்தான். எதிரே சிக்லாப் அணியின் நிர்வாகி ஹாஜி, வெள்ளைத் தொப்பி, சாந்தமான முகம். ஆங்கிலேயர் கேட்டதை அருளம்பலம் எனக்குத் தமிழில் சொன்னார். ஒரு பக்கத்து விருந்தைச் சாப்பிட்டீரா? சாப்பிட்டேன். மாலை? போட்டார்கள். அந்தக் கழகத்தில் உறவுக்காரர் உண்டா?

"பொருளாளர் என் தங்கையின் கணவர்" என்றேன்.

அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பட்டை போயிற்று என்றே நினைத்தேன். இங்கே ஒழுங்குக் குற்றம் என்று எழுதிச் சென்னைக்கு ஒரு வரி போட்டால் போதும், அப்புறம் ஊரில் தெருப்பந்துக்குக்கூட ஊத முடியாது.

ஹாஜி மட்டும் சிரித்தார். மலாயில் நீளமாக ஏதோ சொன்னார். அருளம்பலம் அதைத் தமிழாக்கித் தந்தார்: "தங்கச்சியின்ர புருஷன் எண்டால் பயமில்லையாம். தன்ர தங்கச்சி புருஷனுக்குத் தான் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்ததில்லையாம். இவரே ஊதட்டுமாம். ஆனா ஒரு நிபந்தனை. தங்கட வீட்டிலயும் வந்து சாப்பிட வேணுமாம்."

ஆங்கிலேயர் நெற்றியைத் தேய்த்தார். இதை எந்த விதியின் கீழ் எழுதுவது என்று கேட்டாராம்.

"எழுதத் தேவையில்லை, சாப்பிட்டாப் போதும் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் அருளம்பலம்.

வெள்ளிக்கிழமை சிக்லாப்புக்குக் கிளம்பினோம், அருளம்பலமும் நானும். ஜூ சியாட் வரை டிராலி பஸ். தலைக்கு மேல் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடுகிற பஸ் அது. ஒரு திருப்பத்தில் கொம்பு கம்பியை விட்டு நழுவி, வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டது. கண்டக்டர் நிதானமாக இறங்கி, நீளமான மூங்கில் கழியால் கொம்பைப் பிடித்து மறுபடி கம்பியில் மாட்டினார். பயணிகள் யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். திருச்சியாக இருந்தால் எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் கழியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

கடற்கரையில் தென்னைகளுக்கு நடுவே மரக்கால்கள் மேல் நின்றது ஹாஜியின் வீடு. பாய் விரித்து, சுட்ட மீன், தேங்காய்ப்பால் சோறு, கறுஞ்சிவப்பாக வதக்கிய இறைச்சி என்று பரப்பினார்கள். இறைச்சியைப் பார்த்துத் தயங்கினேன். ஹாஜி சட்டென்று இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி அடித்து, "ஆயம், ஆயம்!" என்றார். கோழிதான். எனக்காகவே அன்று அந்த வீட்டில் மாட்டை ஒதுக்கியிருந்தார்கள். அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை வந்தது. சாப்பிட்டு முடித்துத் திரும்பும்போது, மூன்று சக்கர வண்டிக்காரர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு அருளம்பலத்தை வேறு வண்டியில் வரச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் உண்டு என்று சங்கம் சொல்லிவிட்டது. நான் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அந்தக் காலத்துப் பந்துக்கு வாய் உண்டு. உள்ளே காற்றுப்பையை வைத்து, வாயைத் தோல்வாரால் பூட்ஸ் கட்டுவது போல வரிவரியாகக் கட்டியிருப்பார்கள். உலர்ந்திருந்தால் பந்து, நனைந்தால் பாறாங்கல். கட்டைச் சரிபார்த்து நடுவில் வைத்தேன்.

ஆட்டம் நல்ல ஆட்டம். ஆளுக்கொரு கோல். நேரம் ஓடஓடத் தகரக் கொட்டகையில் தமிழ்ச் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. சமன் போதுமே! கம்பியோரத்தில் மாப்பிள்ளை குடையை மறந்து நனைந்துகொண்டு நின்றார். முடிய ஒரு நிமிஷமோ என்னவோ இருக்கும்போது, சிக்லாப்பின் முன்வரிசைக்காரன் கோலுக்குக் கிட்டே நின்று ஓங்கி அடித்தான். வளர்பிறையின் பின்வரிசைக் காவலன் பழனி, கோலுக்குள் போக இருந்த பந்துக்குக் குறுக்கே வலது கையை வீசினான். பளீர் என்று சத்தம். பந்து வெளியே போய் விழுந்தது. அவன் முதுகு கூட்டத்துக்கு மறைப்பு. பார்த்தது நான் ஒருவன்தான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நினைத்தேன். மீன்தலை, பொன்னாடை, கோமதியின் வயிறு, நனைந்துகொண்டிருக்கும் மாப்பிள்ளை, எல்லாவற்றையும் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் விசில் ஊதியிருந்தது.

பெனால்டி உள்ளே போயிற்று. சிக்லாப் முதல் டிவிஷனுக்குப் போயிற்று. என் தலைமேல் கச்சான் பொட்டலங்கள், அதாவது வேர்க்கடலை, மழையை விடக் கனமாகப் பெய்தன.

"மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவாங்க. இவரு பெனால்டி போட்டாரு லா!" என்று யாரோ கத்தினார்கள். கொட்டகை முழுவதும் சிரித்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

பந்து கையில் படவே இல்லை, மார்பில்தான் பட்டது என்று பழனி கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். கழகத்தார் கூடிப் பேசினார்கள். நடுவர் கடைசியாகச் சாப்பிட்டது சிக்லாப்பில், அந்தக் கோழிதான் பெனால்டி கொடுத்தது என்று தலைமைச் சங்கத்துக்குப் புகார் போட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. கழகத்தின் சாட்சி என் மாப்பிள்ளை. புகார் நின்றுவிட்டால் ஆட்டத்தை மறுபடி ஆடுவார்கள், என் பட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டார். சாப்பிடவும் இல்லை.

"ஏன் அண்ணே, ஒரு நாள் பொறுத்து ஊதியிருக்கக் கூடாதா?" என்றாள் கோமதி.

"ஆட்டம் இன்னைக்குத்தானேம்மா."

"அவருக்கு உங்க மேல எவ்வளவு பிரியம் தெரியுமா? நீங்க வர்றீங்கன்னு மாசக்கணக்கா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு." அவள் அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியை, அதுவும் வளைகாப்புக்கு முந்தின நாள், அழவைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்தக் கை பந்தில் பட்டது பட்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோமதியின் இரண்டு கைகளும் வளையலால் நிறைந்தன. பெண்கள் பாட்டுப் பாடினார்கள். பிறகு பந்தி. ஆண்கள் வரிசையில் வளர்பிறைக் கழகம் முழுவதும் வந்து உட்கார்ந்தது. புகார் வேறு, விருந்து வேறு. என் பக்கத்தில் ஹாஜி, கூடை நிறைய மீனோடு வாழ்த்த வந்தவர். எதிர் வரிசையில் பழனி. அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பித்தான்.

பரிமாறியது மாப்பிள்ளை. முதலில் உப்பு. ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே வந்தார். ஹாஜிக்கு வைத்தார். என் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

எல்லோரும் பார்த்தார்கள். அடுத்து கூட்டு வந்தது, சோறு வந்தது, என் இலைக்கும் வந்தது. உப்பு மட்டும் வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஹாஜி நிலைமையைக் கவனித்துத் தன் இலையிலிருந்த உப்பில் பாதியை என் பக்கம் தள்ள வந்தார். நான் பதறிக் கையைப் பிடித்துத் தடுத்தேன். புகாரில் சேர்க்க அது ஒன்றுதான் பாக்கி!

சாம்பார் ஊற்றினார்கள். பழனி சோற்றில் கை வைத்தான், சட்டைக் கை சாம்பாரில் தோய்ந்தது. பின்னாலிருந்து ஓர் அம்மாள், "சட்டைய மடிச்சுக்கிட்டுச் சாப்பிடேன்பா" என்றாள். பசியிலிருந்த பையன், யோசிக்காமல் பித்தானைக் கழற்றி முழங்கை வரை மடித்துவிட்டான்.

வடைத் தூக்கோடு மாப்பிள்ளை அப்போது அவனுக்கு நேராக நின்றார். நீட்டிய கை அப்படியே நின்றது. பழனியின் வலது முன்கையில் வரிவரியாகச் செக்கச்செவேலென்று வீக்கம். பந்தின் வாயைக் கட்டிய தோல்வார் ஒரு வரிகூட விட்டுப்போகாமல் பதிந்திருந்தது. நனைந்த பந்து, ஓங்கி அடித்த அடி. பழனி சட்டையை இழுத்து மூடினான். அதற்குள் வரிசை முழுவதும் பார்த்தாயிற்று.

மாப்பிள்ளை வடையைத் தூக்கில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் உப்புக் கிண்ணம். என் முன்னால் குனிந்து, இலையின் ஓரத்தில் உப்பை வைத்தார்.

"சாப்பிடுங்க மச்சான்" என்றார். "நாளைக்கு நான் சங்கத்துக்குப் போறேன்."

"சாட்சி சொல்லவா?"

"புகார வாபஸ் வாங்க."

எனக்கு அழுகை வந்தது. வளைகாப்பு வீட்டில் ஆண்பிள்ளை அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டு, உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். மாப்பிள்ளை தூக்கிலிருந்து இரண்டு வடையை எடுத்து என் இலையில் போட்டார். வரிசையில் மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றுதான் விழுந்திருந்தது.

"இன்னொண்ணு யாருது மாப்பிள்ளை?"

அவர் எதிர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"பழனியோடது," என்றார். "பெனால்டி லா."